வேலை நிலவரம்: ஒரு சங்கமும் அதன் மாத இதழும்

பிரிட்டனின் எந்திரத் தொழிலாளர் ஐக்கிய சங்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சிட்ட மாத அறிக்கைகளைப் புரட்டினால், பக்கம் பக்கமாக ஊர்ப் பெயர்கள் வரும். மான்செஸ்டர், போல்ட்டன், லீட்ஸ், நியூகாசில். ஒவ்வோர் ஊர்க் கிளைக்கும் எதிரே சின்னச் சின்ன எண்கள்: மொத்த உறுப்பினர் எத்தனை பேர், வேலையில்லாமல் உதவித்தொகை வாங்குபவர் எத்தனை பேர், நோயில் படுத்திருப்பவர் எத்தனை பேர். அவற்றோடு அந்த ஊரில் வேலை நிலவரம் எப்படி என்று ஒரு சொல். நன்று, சுமார், மோசம். வேறு விளக்கம் எதுவும் கிடையாது.

லீட்ஸில் வேலை போன ஒரு பிட்டர் (எந்திரப் பாகங்களைப் பொருத்துபவர்) அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்து எந்த ஊருக்குக் கிளம்புவது என்று முடிவெடுப்பார். போகிற ஊரில் கிளைச் செயலாளரிடம் உறுப்பினர் அட்டையைக் காட்டினால் வேலை எங்கே காலியாக இருக்கிறது என்று சொல்வார்கள். எங்குமே இல்லையென்றால் உதவித்தொகை தொடரும். பட்டினிக்குப் பயந்து குறைந்த கூலிக்குத் தலையாட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஒரு சங்கம் தன் உறுப்பினருக்குத் தரக்கூடிய மிகப் பெரிய பலம் அந்த ‘அவசியம் இல்லை’ என்பதுதான் என்று நான் நினைக்கிறேன். பேச்சாளர்களும் கொடிகளும் அதற்கு அப்புறம்தான்.

என் மகள் கோவென்ட்ரியில் படித்துக்கொண்டிருந்தபோது, வார்விக் பல்கலைக்கழகத்தின் நவீன ஆவணக் காப்பகத்தில் இந்தச் சங்கத்தின் பழைய ஏடுகளைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. எனக்குப் பட்டறை வாழ்க்கை. சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஓர் உலோகத் தொழிற்சாலையில் லேத் எந்திரத்தின் முன்னால் என் வேலைக்காலம் கழிந்தது. அதில் பல ஆண்டுகள் கிளைக் குழுவில் இருந்தேன். எங்கள் கிளைச் செய்தி மடலின் தமிழ்ப் பக்கத்தைத் தயாரித்ததும் நான்தான். ஆகவே அந்த ஏடுகளைச் சரித்திர மாணவன் பார்ப்பதுபோல் என்னால் பார்க்க முடியவில்லை. இந்த எண்களைச் சேகரித்தவன் எத்தனை கிளைகளுக்கு ஞாபகக் கடிதம் போட்டிருப்பான், எத்தனை செயலாளர்கள் தாமதமாக அனுப்பியிருப்பார்கள் என்றுதான் மனம் ஓடியது.

அந்தச் சங்கத்தின் வேர் 1826இல் மான்செஸ்டரில் தொடங்கிய நீராவி எந்திரத் தொழிலாளர் உதவிச் சங்கத்தில் இருக்கிறது. எந்திரம் செய்கிறவர்கள், கொல்லர்கள், ஆலைத் தச்சர்கள், வார்ப்புக்கு அச்சு செய்பவர்கள் என்று ஆளுக்கொரு சின்னச் சங்கம் வைத்திருந்த காலம் அது. ஒன்றின் வேலைநிறுத்தத்தை இன்னொன்று வேடிக்கை பார்க்கும். இதை மாற்றியவர்கள் வில்லியம் நியூட்டன், வில்லியம் ஆலன் என்ற இரண்டு பேர். 1851 ஜனவரியில் ஐக்கிய சங்கம் பிறந்தது. ஆலன் அதன் பொதுச் செயலாளர் ஆனார். 1874இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பிலேயே இருந்தார். நியூட்டன் பேச்சுக்காரர், எழுத்துக்காரர். ஆலன் கணக்குக்காரர். ஒரு சங்கத்துக்கு இந்த இரண்டு குணமும் வேண்டும். ஒரே ஆளிடம் இரண்டும் அமைவது அபூர்வம்.

சந்தா வாரத்துக்கு ஒரு ஷில்லிங். நல்ல பிட்டர் வாரத்துக்கு முப்பது சொச்சம் ஷில்லிங் வாங்கிய காலத்தில் அது லேசான தொகை அல்ல. ஆனாலும் முதல் ஆண்டு முடிவதற்குள் சுமார் 11,000 பேர் சேர்ந்துவிட்டார்கள். அதே 1851இல் நியூட்டன் ‘தி ஆப்பரேட்டிவ்’ என்ற வார இதழையும் நடத்தத் தொடங்கினார். சங்கம் எதற்காக இணைந்தது, மிகைநேர வேலை ஏன் கூடாது, உருப்படிக் கூலி என்னும் பீஸ் ரேட் முறை எப்படி ஒரு தொழிலாளியை இன்னொருவனுக்கு எதிரியாக்குகிறது என்பதையெல்லாம் பட்டறை ஆளே படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் எடுத்துச் சொல்ல ஓர் ஏடு தேவைப்பட்டது. ஆக, சங்கமும் இதழும் ஒரே வயதுப் பிள்ளைகள்.

அடுத்த ஜனவரியிலேயே முதலாளிகள் பதிலடி கொடுத்தார்கள். கட்டாய மிகைநேர வேலையையும் பீஸ் ரேட்டையும் நிறுத்த வேண்டும் என்று சங்கம் கேட்டது. லண்டனிலும் லங்காஷயரிலும் எந்திரப் பட்டறைகளின் கதவுகளை அடைத்துவிட்டார்கள். ‘எந்தச் சங்கத்திலும் சேரமாட்டேன்’ என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். மூன்று மாதம் தாக்குப்பிடித்தபின் தொழிலாளர்கள் திரும்பிப் போனார்கள். பலர் கையெழுத்தும் போட்டார்கள். ஆனால் உறுப்பினர் அட்டையைக் கிழித்துப் போடவில்லை. மிரட்டி வாங்கிய கையெழுத்துக்கு மதிப்பில்லை என்பது அவர்கள் எண்ணம். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

தோல்வியுற்றவர்களில் சிலர் கப்பலேறினார்கள். ‘பிரான்சிஸ் வாக்கர்’ என்ற கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குப் போன சங்க உறுப்பினர்கள், சிட்னியில் இறங்கும்வரை காத்திராமல் நடுக்கடலிலேயே ஒரு கிளையைத் தொடங்கினார்கள். 1852இல் அது சிட்னிக் கிளையாயிற்று. ஆஸ்திரேலிய உலோகத் தொழிலாளர் இயக்கமே அதிலிருந்து வளர்ந்தது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தவர்களின் பிள்ளை நான். ஊர்ப்பெயரில், சாதிப்பெயரில், கோயில் பெயரில் கப்பலிலேயே கூட்டம் சேர்ந்த கதைகளைக் கேட்டிருக்கிறேன். தொழிலின் பெயரால் கப்பலில் ஒரு சங்கம் கூடியது என்பதைப் படித்தபோது சிறிது பொறாமையாகவே இருந்தது.

அந்தச் சங்கத்தின் சின்னத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் சட்டம் போட்டு வீட்டில் மாட்டிக்கொள்ளும் அளவுக்குப் பெரிய படம் அது. வரைந்தவர் ஜேம்ஸ் ஷார்ப்பிள்ஸ் என்ற கொல்லர். உலையில் வேலை செய்துகொண்டே ஓவியமும் செதுக்கும் கலையும் தானாகக் கற்றவர். படத்தில் போர்த் தெய்வமான மார்ஸ் உடைந்த வாளைச் செப்பனிடச் சொல்லி நீட்டுகிறது. கொல்லர் வாங்க மறுக்கிறார். மறுபுறம் ஒரு வினைஞர் எந்திர வரைபடத்தை ஏற்றுக்கொள்கிறார். ‘ஒற்றுமையாயிரு, உழை’ என்பது அதில் எழுதிய வாசகம். ஆயுத பூஜையன்று லேத்துக்கும் வைஸுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டிய பட்டறையில் வளர்ந்தவனுக்கு அந்தப் படம் அந்நியமாகத் தெரியவில்லை. கருவியைக் கும்பிடுகிறவன், எதற்காக அந்தக் கருவி பயன்பட வேண்டும் என்று சொல்லும் உரிமையும் தனக்கு உண்டு என்கிறான். அந்த இரண்டாவது படியை எங்கள் பூஜையில் நாங்கள் ஏறியதில்லை.

ஆனால் வாழ்க்கை படம்போல் அமையவில்லை. வாளைச் செப்பனிட மறுத்த அந்தக் கொல்லரின் சங்கத்து ஆட்களே பின்னாளில் போர்க்கப்பல் துறைமுகங்களில் வேலை பார்த்தார்கள். என் தந்தையும் அப்படித்தான். சிங்கப்பூரின் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில், நீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் உலர்துறை ஒன்றை 1938 பிப்ரவரி 14ஆம் நாள் திறந்தார்கள். ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயர் கொண்ட உலர்துறை அது. அங்கே பிட்டராக இருந்தார். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஆலனின் கணக்கு நேர்த்தி அன்றே பேர்போனது. ஒவ்வொரு பைசாவும் கிளைவாரியாக அச்சில் வரும். 1859, 1860ஆம் ஆண்டுகளில் லண்டன் கட்டுமானத் தொழிலாளர்களை முதலாளிகள் வெளியே நிறுத்தியபோது, இந்தச் சங்கம் வாரம் 1,000 பவுண்டு வீதம் மூன்று முறை அனுப்பியது. தங்கள் தொழிலே அல்லாத கொத்தனாருக்கும் தச்சருக்கும்! சங்கங்களின் நடவடிக்கைகளை ஆராய 1867இல் அரச ஆணைக்குழு கூடியபோது ஆலன் சாட்சி சொன்னார். அப்போது அவர் சங்கத்தில் 33,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள். வெறுங்கையோடு போய் ‘நாங்கள் நல்லவர்கள்’ என்று சொல்லவில்லை. ஆண்டு ஆண்டாக அச்சிட்ட வரவு செலவு கையில் இருந்தது. அதே ஆண்டில், கொதிகலன் தொழிலாளர் சங்கத்தின் பிராட்ஃபோர்ட் கிளைப் பொருளாளர் 24 பவுண்டைத் தராமல் வைத்துக்கொண்ட வழக்கில், சங்கப் பணத்துக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடையாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சங்கங்கள் எல்லாம் பதறிப்போயின. 1871ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் அந்தப் பணத்துக்கு நிலையான காவல் கிடைத்தது.

ஆலனைப் புகழ்ந்துகொண்டே போவதற்கும் எல்லை உண்டு. பெட்டி நிறையப் பணம் சேர்ந்ததும் தலைமைக்குப் பெட்டி மேல்தான் கண். 1871இல் நியூகாசில் தொழிலாளர்கள் நாளுக்கு ஒன்பது மணி நேர வேலை கேட்டு ஐந்து மாதம் போராடினார்களே, அதை நடத்தியது சங்கத் தலைமை அல்ல. ஜான் பர்னெட் தலைமையில் தொழிலாளர்களே அமைத்த ஒன்பது மணி நேரக் கழகம் அதை நடத்தியது. அவர்களில் பெரும்பாலோர் சங்கத்திலேயே இல்லாதவர்கள். முதலாளிகள் வெளிநாட்டிலிருந்து ஆட்களை இறக்கிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. ஒன்பது மணி நேரம் கிடைத்தது. தலைமை தயங்கி நின்ற இடத்தில் கிளை ஆட்கள் நடந்து காட்டினார்கள். அதன் பிறகு, 1875இல், பர்னெட்டையே பொதுச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தது சங்கத்தின் பெருந்தன்மை.

1897இல் எட்டு மணி நேரக் கோரிக்கை எழுந்தபோது நிலைமை வேறு. முதலாளிகள் முந்தைய ஆண்டிலேயே நாடளாவிய கூட்டமைப்பு ஒன்றைக் கட்டிவிட்டார்கள். லண்டனில் கோரிக்கை எழுந்ததும் நாடு முழுவதும் கதவடைத்தார்கள். ஜூலையில் தொடங்கி அடுத்த ஜனவரிவரை அது நீடித்தது. ஜெர்மானியத் தொழிலாளர்கள்கூடப் பணம் திரட்டி அனுப்பினார்கள். மாத இதழின் வேலை அந்தக் காலத்தில் எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒவ்வொரு மாதமும் உண்மையான நிலவரத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் ஆட்கள் மனம் தளர்வார்கள். சொல்லாவிட்டால் அடுத்த மாதம் யாரும் நம்பமாட்டார்கள். எங்கள் தொழிற்சாலையில் ஆட்குறைப்புப் பேச்சு நடந்த ஒரு வாரத்தில், செய்தி மடலில் அரைப்பக்கம் எழுத நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

முடிவில் தொழிலாளர்கள் தோற்றார்கள். யாரை எந்த எந்திரத்தில் நிறுத்துவது, மிகைநேரம் எவ்வளவு, பீஸ் ரேட் உண்டா என்பதெல்லாம் முதலாளியின் விருப்பம் என்று ஒப்பந்தம் எழுதப்பட்டது. அப்போதைய பொதுச் செயலாளர் ஜார்ஜ் பார்ன்ஸ். அந்தத் தோல்வியோடு அவர் பெயர் மறைந்து போகவில்லை என்பதுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே ஆறுதலான விஷயம். நாடாளுமன்றத்துக்குப் போனார், போர்க்கால அமைச்சரவையில் இருந்தார். 1919 சமாதான மாநாட்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உருவாக முன்னின்றவர்களில் ஒருவரானார். அந்த அமைப்பு நிறைவேற்றிய முதல் உடன்படிக்கை எதைப் பற்றியது? எட்டு மணி நேர வேலை நாளைப் பற்றியது. பிரிட்டனின் எந்திரத் தொழிலாளர்களுக்கும் அதே 1919இல் வாரம் 47 மணி நேரம் என்று ஒப்பந்தமானது. சிங்கப்பூர் சுதந்திரம் பெற்ற 1965இலேயே அந்தப் பன்னாட்டு அமைப்பில் சேர்ந்தது. 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வாரம் 44 மணி நேரம் என்று வரையறுத்தது. ஜூரோங்கில் சங்கு ஊதியதும் நான் கை கழுவிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்ததற்கும், 1897 குளிர்காலத்தில் கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கும் தொடர்பு உண்டு.

அதற்கடுத்த கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1920 ஜூலையில் மேலும் பல சங்கங்கள் இணைந்து எந்திரத் தொழிலாளர் ஒன்றியம் ஆனது. டாம் மான் அதன் பொதுச் செயலாளர். 1922இல் இன்னொரு பெரிய கதவடைப்பு, இன்னொரு தோல்வி. 1992இல் மின்தொழிலாளர்களோடு இணைப்பு, பின்னர் ‘அமிக்கஸ்’, 2007இல் ‘யுனைட்’. பெயர்ப் பலகை மாறிக்கொண்டே வந்தது.

ஆனால் ஒன்றைச் சுருக்க மனம் வரவில்லை. ஐந்தாண்டு பயிற்சி முடித்த கைவினைஞர்களுக்கென்று கட்டிய வீடு இது. பயிற்சி பெறாத கூலி ஆட்களுக்கு 1926வரை முழுமையாகக் கதவு திறக்கவில்லை. பெண்களை 1943 ஜனவரியில்தான் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு உலகப் போர்களிலும் குண்டும் விமானமும் செய்த கைகள் பெண்களுடையவை; அப்படியும் அத்தனை தாமதம். ‘வேலை நிலவரம்’ என்று அழகாக அச்சிட்ட அந்தப் பக்கத்தில் எண்ணப்படாதவர்கள் எத்தனை பேர்! எண்ணுவது மரியாதை என்றால், எண்ணாமல் விடுவது அவமரியாதை. இதைச் சொல்லாமல் அந்தச் சங்கத்தைப் பாராட்டினால் அது நேர்மையாகாது.

இனி செம்பவாங். என் தந்தையும் அவருடைய சகாக்களும் அதை ‘நேவல் பேஸ்’ என்றே சொல்வார்கள். மலையாளிகள், தமிழர்கள், சீனர்கள், மலாய்க்காரர்கள் என்று ஆயிரக்கணக்கானோர். டெல்லி ரோடு, கான்பரா ரோடு, வெலிங்டன் ரோடு என்று பேரரசின் ஊர்களெல்லாம் தெருப்பெயராக இருக்கும். கான்பரா ரோட்டுப் பக்கம் ஒரு மரத்தடியில் தொழிலாளர்கள் கும்பிட்ட முருகன்தான் இன்று ஈசூனில் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியராக எழுந்தருளியிருக்கிறார். பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கும் இன்றைய இளைஞர்களில் பலருக்கு அது பிட்டர்களும் வெல்டர்களும் கட்டிய கோயில் என்பது தெரியாது.

பிரிட்டனிலிருந்து வந்த கைவினைஞர்களுக்கு ஒரு சம்பளம், உள்ளூர் ஆட்களுக்கு வேறு சம்பளம். ஒரே வால்வைக் கழற்றி மாட்டினாலும் அப்படித்தான். அந்த ஏற்றத்தாழ்வுதான் கடற்படைத் தளத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்தது. 1952 மே மாதத்தில் அஞ்சல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய சட்ட ஆலோசகர் அப்போது இளம் வழக்கறிஞராக இருந்த லீ குவான் இயூ. அந்த ஆண்டின் இறுதியில் கடற்படைத் தளத்திலும் சுமார் 10,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். பின்னாளில் அந்தச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர் சந்திரசேகரன் உட்ஹல். 1963 பிப்ரவரி 2ஆம் நாள் இடதுசாரிகளைக் குறிவைத்து நடந்த கைதுகளில் சிக்கியவர்களில் அவரும் ஒருவர். என் தந்தை அவரைப் பற்றிக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். ஆனால் பேசாமல் இருந்ததில்லை.

1968 ஜனவரியில் பிரிட்டன் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. எங்கள் வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தளத்தை நம்பி வீடு, கடை, சலவை, டாக்சி என்று எத்தனை பிழைப்புகள்! அந்த ஆண்டு முடிவதற்குள் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்து, செம்பவாங் ஷிப்யார்டாகத் தொடர்ந்தது. போர்க்கப்பல் செப்பனிட்ட கைகள் எண்ணெய்க் கப்பல் செப்பனிடத் தொடங்கின. ஷார்ப்பிள்ஸின் படம் நூறு ஆண்டுக்குப் பிறகு செம்பவாங்கில் பாதி பலித்தது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

பட்டறை வேலையில் உயிரின் விலை என்ன என்று எங்களுக்குக் காட்டியது 1978 அக்டோபர் 12. ஜூரோங் கப்பல் பட்டறையில் ‘ஸ்பைரோஸ்’ என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்தது. 76 பேர் இறந்தார்கள். பகல் உணவு முடித்துத் திரும்பியிருந்த ஆட்கள். வெட்டும் டார்ச்சின் நெருப்பு, தொட்டியில் இருக்கக்கூடாத வாயு. விசாரணைக்குப் பிறகு பாதுகாப்பு விதிகள் இறுகின; வாயு சோதனை செய்து அனுமதிச் சீட்டு வாங்காமல் நெருப்பு வேலையைத் தொடக்கூடாது என்பது எங்களுக்கெல்லாம் வேதமாயிற்று. நான் தமிழ்ப் பக்கம் எழுத ஆரம்பித்தது அதன் பிறகுதான். ‘வாயு சோதிக்கப்பட்டதா?’ என்று கேட்க ஒரு வெல்டருக்கு உரிமை உண்டு, கேட்டதற்காக யாரும் அவர்மேல் நடவடிக்கை எடுக்க முடியாது என்று அவருடைய மொழியில் எழுத வேண்டியிருந்தது. ஆங்கிலச் சுற்றறிக்கை பலகையில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைக் கடந்துபோன தமிழ் ஆட்கள் தமிழ்ப் பக்கம் வந்ததும் நின்றார்கள். ஒருவர் படிக்க நாலு பேர் கேட்டார்கள்.

கணக்கு விஷயத்திலும் எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. தொழிற்சாலைத் தொழிலாளர்களைப் பெருமளவில் சேர்த்திருந்த இரண்டு பெரிய சங்கங்களின் பொதுச் செயலாளராகவும், சிங்கப்பூர்ச் சங்கங்களின் தலைமை அமைப்பான தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் தலைவராகவும் இருந்த பே இயூ கோக், சங்கப் பணத்தைக் கையாடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1979இன் இறுதியில் நாட்டைவிட்டுத் தப்பியோடினார். 35 ஆண்டுகள் கழித்து, 2015இல், தானே வந்து சரணடைந்தார். 60 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தப் பெருஞ்சங்கங்கள் துறைவாரியாகப் பிரிக்கப்பட்டன. ஆலன் ஒவ்வொரு ஷில்லிங்கையும் அச்சில் போட்டது எதற்கு என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்வேன். கிளை உறுப்பினர் கையில் வரவு செலவு போகாத சங்கத்தில், தலைவர் நல்லவராக இருப்பதை மட்டுமே நம்பியிருக்க வேண்டும்.

1986 ஜனவரியில் ஹைட்ரில் என்ற அமெரிக்க எண்ணெய்த்துறைக் கருவி நிறுவனத்தில் உலோகத் தொழிலாளர் சங்கம் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தது. அனுமதி கொடுத்தவர் அப்போதைய தொழிற்சங்கக் காங்கிரஸ் பொதுச் செயலாளரும் அமைச்சருமான ஓங் டெங் சியோங். அமைச்சரவைக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். பேசித் தீர்ப்பதையே வழக்கமாகக் கொண்டுவிட்ட சிங்கப்பூரில் அது பெரிய செய்தி. நான் பேச்சுவார்த்தையை மதிக்கிறவன். கூட்டு ஒப்பந்த மேசையில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். எதிரே இருப்பவருக்கு, இவர்கள் எழுந்து போகவும் தெரிந்தவர்கள் என்ற எண்ணம் இருக்கும்போதுதான் அந்த மேசையில் பேச்சு நடக்கிறது. இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

வார்விக்கில் என்னை வருத்திய விஷயம் ஒன்று உண்டு. அங்கே பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் பூட்டனாரைத் தேடி வருகிறார்கள். சங்கப் பதிவேட்டில் பெயர், கிளை, சேர்ந்த ஆண்டு, வாங்கிய உதவி எல்லாம் இருக்கிறது. என்றோ இறந்த ஒரு பிட்டர் எந்த ஊரில் வேலை தேடி அலைந்தார் என்பதுவரை கண்டுபிடித்துவிடுகிறார்கள். என் தந்தையை அப்படித் தேட எனக்கு எந்த ஏடும் இல்லை. கடற்படைத் தளத்தின் பித்தளை அடையாளத் தகடு ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் எண் மட்டும்தான்.

தமிழருக்குத் தொழிலாளர் இதழ் மரபு இல்லாமல் இல்லை. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது திரு.வி.க. அதில் முன்னணியில் நின்றார். அப்போது அவர் ‘தேசபக்தன்’ ஆசிரியர். 1923இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் ‘தொழிலாளன்’ நடத்தினார். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ கூலி உழைப்பாளிகளின் செய்தியைத் தாங்கியே வளர்ந்தது. அதன் பழைய இதழ்கள் இன்று தேசிய நூலகத்தின் மின்தொகுப்பில் கிடைக்கின்றன. சிங்கப்பூர்த் தொழிற்சங்கக் காங்கிரஸுக்கும் ‘பெர்ஜுவாங்கான்’ என்ற இதழ் இருந்தது. நாளிதழ்கள் பிழைத்துவிட்டன. பிழைக்காதவை கிளைகளின் சின்னத் தாள்கள்: ஸ்டென்சில் வெட்டி உருட்டிய அறிவிப்புகள், நன்கொடைப் பட்டியல்கள், விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்குத் திரட்டிய பணத்தின் கணக்கு. ஒரு கிளை அலுவலகம் இடம் மாறியபோது இருபது ஆண்டுத் தாள்களைப் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. அவை வரலாறு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் எழுதிய பக்கங்களும் அந்த மூட்டைக்குள் போயின. அவை போனதைவிட, விபத்துப் பட்டியல் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் நானும் ஓய்வு பெற்ற சில சகாக்களும் இப்போது ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறோம். நேவல் பேஸிலும் கப்பல் பட்டறைகளிலும் ஜூரோங் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்தவர்களின் வீடுகளுக்குப் போகிறோம். சங்க உறுப்பினர் அட்டை, சந்தா ரசீது, கிளைச் சுற்றறிக்கை, கூட்டு ஒப்பந்தப் பிரதி, கிளை ஆண்டுக் கூட்டப் புகைப்படம் எதுவானாலும் படம் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். புகைப்படத்தில் இருப்பவர்களின் பெயர்களைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்கிறோம். என்ன வேலை பார்த்தார், எந்தப் பட்டறை, எந்த ஆண்டு சேர்ந்தார், எப்போது விலகினார். பெண்களின் பெயரைத் தனியாகக் கேட்டு வாங்குகிறோம். மின்னணுத் தொழிற்சாலைகளில் நுண்ணோக்கியில் கண் வைத்து வேலை செய்த தமிழ்ப் பெண்கள் தாங்கள் சங்கத்தில் இருந்ததையே பெரிதாக நினைத்துச் சொல்வதில்லை. ஊருக்குத் திரும்பிப் போனவர்களின் பெயரும் வேண்டும். ஒப்பந்தத்தில் வந்து இரண்டொரு ஆண்டு மட்டும் இருந்து போனவர்களின் பெயரும் வேண்டும். ஆலனின் சங்கம் செய்ததுபோல் யாரையும் வெளியே விட்டுவிட்டு எண்ண எங்களுக்கு விருப்பமில்லை.

உங்கள் வீட்டு அலமாரியில், பழைய பாஸ்போர்ட்டும் திருமணப் பத்திரிகையும் வைத்திருக்கும் உறைக்குள் பாருங்கள். ஒரு சந்தா ரசீதாவது இருக்கும். தூக்கிப் போடும் முன் அதன் பின்புறத்தில், பென்சிலால், அது யாருடையது, எந்தப் பட்டறை, எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். பேனா வேண்டாம்; மை அந்தக் காகிதத்தில் ஊறி முன்பக்க எழுத்தைக் கெடுத்துவிடுகிறது.